மலேரியா உடம்புக்குப் பழகிப்போகுமா? ரிக் வண்டிக்காரங்க சொல்றது எவ்வளவு நெசம்?

ரிக்கூட்டுப்பையன் | 28 ஜூலை 2024, மாலை 6:12

எங்க மாமா 22 வருசமா போர் போடற ரிக் வண்டியில டிரில்லர். சத்தீஸ்கர், ஒடிசா, நடுவுல ரெண்டு வருசம் ஆப்பிரிக்கா. மொத நாலஞ்சு வருசம் மலேரியா வந்து வந்து படுத்தாராம். இப்ப வர்றதே இல்ல. "ரத்தத்துல வெள்ளையணு பழகிருச்சுடா, என்னையக் கடிச்சா கொசுதான் சாவும்"ங்கறாரு. கொசுவலையும் கட்டறதில்ல. போன வாரம் வேற எதுக்கோ ரத்தம் பார்த்ததுல வெள்ளையணு 4,100. இவ்வளவு கொறைவா வெச்சுக்கிட்டு எப்படிங்க எதிர்ப்பு சக்தி? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆயில்லென்ஸ் | 28 ஜூலை, இரவு 9:40

மாமா சொன்னதுல பாதி நெசம். அந்தப் பாதியைத்தான் அவரு தப்பாப் புரிஞ்சிருக்காரு.

நான் டாக்டர் இல்ல. 26 வருசம் லேப்புல ஸ்லைடு பார்த்தவன், ரிட்டயர் ஆகி மூணு வருசம். திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்ததால வண்டிக்காரங்க ரத்தம் எச்சாவே பார்த்திருக்கேன். மழை புடிச்சா வண்டி நிக்கும், ஆளுங்க ஊருக்கு வருவாங்க, ரெண்டு வாரத்துல நடுங்கிக்கிட்டு லேப்புக்கு வருவாங்க.

மொதல்ல அந்த 4,100. அது கொறைவே இல்ல. 4,000-லிருந்து 11,000 வரைக்கும் சாதாரணம். மலேரியான்னா வெள்ளையணு ஏறும்னு நெனைக்கறீங்க. ஏறாது. அப்படியே நிக்கும், இல்லாட்டி எறங்கும். ஏறறது சீழ் கட்டி, நிமோனியா மாதிரி பாக்டீரியா சீக்குல. நாம எண்ணறது ரத்தத்தோட ஓடிக்கிட்டிருக்கறதை மட்டும். மண்ணீரல்ல நிக்கறது, எலும்பு மஜ்ஜையில இருக்கறது, குழாய்ச் சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்கறது எதுவும் கணக்குல வராது. வைகாசித் தேரன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னு தலையை எண்ணிட்டு, திருச்செங்கோட்டுல ஆளே இல்லைங்கற கதை. ஆளெல்லாம் வடம் புடிக்கப் போயிருக்கு.

மாமாவுக்குக் காச்சல் இருந்தா ஒரு சொட்டு ரத்தத்துல கோடு போட்டுக் காட்டற கார்டு டெஸ்ட் போதும், 20 நிமிசத்துல தெரிஞ்சிரும்.

ஆயில்லென்ஸ் | 28 ஜூலை, இரவு 10:05

விட்டுப்போச்சு. தட்டணு மலேரியாவுலயும் விழும். தட்டணு கொறைஞ்சாலே டெங்குன்னு முடிவுகட்டி பப்பாளி இலைக்கு அலையாதீங்க. ஸ்லைடு ஒண்ணு குடுங்க.

ஆயில்லென்ஸ் | 29 ஜூலை, காலை 5:50

தூக்கம் வரல. ஒழுங்கா எழுதிடறேன்.

கொசு எச்சிலோட தோலுக்குள்ள எறங்கறது ஸ்போரோசோயிட், மலேரியாக் கிருமியோட மொத உருவம். சில பத்து, மிஞ்சினா சில நூறு. அரை மணியில இருந்து ஓரிரு மணிக்குள்ள கல்லீரலுக்குப் போயிரும். அங்க ஒரு வாரம் போல சத்தமில்லாம பெருகும். காச்சல் கிடையாது, ரத்தத்துல எதுவும் தெரியாது. அப்பறம் அந்தக் கல்லீரல் செல்லு வெடிச்சு ஆயிரக்கணக்குல மீரோசோயிட் (கிருமியோட அடுத்த உருவம்) வெளிய வந்து சிவப்பணுவுக்குள்ள பூந்துக்கும். 48 மணிக்கு ஒருக்கா சிவப்பணு வெடிக்கும், மறுபடி புதுசுல பூரும். நம்ம பெரியவங்க முறைக்காச்சல்னு சொன்னது இந்தக் கணக்கைத்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

இதுல வெள்ளையணு எங்க கை வைக்குது? கல்லீரல்ல வைக்கும். ஒவ்வொரு செல்லும் உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு துண்டைக் கொண்டாந்து வெளிப்பக்கம் காட்டிக்கிட்டே இருக்கும். கொல்ற டி செல்லுங்க அதைப் பார்த்துட்டு, கிருமி பூந்த செல்லைக் கிருமியோட முடிச்சிரும். ஆனா சிவப்பணுவுக்கு நியூக்ளியஸே கிடையாது, வெளிய காட்டற ஏற்பாடும் இல்ல. அடுப்பு இல்லாத ஊடு. பொகை வந்தாத்தானே உள்ள ஆளிருக்கறது தெரியும்? கிருமி அதுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கறது அதனாலதான் அவ்வளவு சௌகரியம்.

அப்ப ஆன்டிபாடி (பள்ளிக்கூடப் பொஸ்தகத்துல எதிர்ப்பொருள்) எப்ப வேலை செய்யும்? கிருமி வெளிய தலை காட்டறப்ப. ஒரு சிவப்பணுவை ஒடைச்சு வந்து இன்னொண்ணுக்குள்ள பூர்றதுக்கு ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம்தான். அந்த நேரத்துல மேல ஒட்டிக்கணும். ஆன்டிபாடியை உண்டாக்கறதும் வெள்ளையணுதான், பி செல்லு. ஒட்டுனதும் கிருமியால பூர முடியாம செத்துப்போகும்.

கடைசியா மண்ணீரல். பழுதான சிவப்பணுவை சலிச்சு எடுக்கற எடம். அங்க இருக்கற பெரிய விழுங்கும் செல்லுங்க கிருமி பூந்த சிவப்பணுவை அப்படியே முழுங்கும். திரும்பத் திரும்ப மலேரியா வந்தா மண்ணீரல் வீங்கி இடது வெலாவுக்குக் கீழ கைக்குத் தட்டுப்படும். காய்ச்சக்கட்டின்னு சொல்வாங்களே, அதுதான். வேற எதுக்காச்சும் மண்ணீரலை எடுத்துட்டவங்களுக்கு மலேரியா வந்தா படு மோசமாப் போகும்.

ஆயில்லென்ஸ் | 29 ஜூலை, காலை 6:30

காச்சலைப் பத்தி எழுதவே இல்ல பாருங்க. அந்த நடுக்கத்தையும் சூட்டையும் கிருமி நேராக் குடுக்கறதில்ல. சிவப்பணு வெடிக்கறப்ப கொட்டற கழிசடையைப் பார்த்து நம்ம வெள்ளையணு அலறி விடற ரசாயனம்தான் (டிஎன்எஃப் அதுல முக்கியமானது) குளிரைக் குடுக்கும், காச்சலை ஏத்தும். மாமா விசயத்துக்கு இது முக்கியம். திரும்பி வர்றேன்.

தறிக்காரன் | 29 ஜூலை, காலை 8:15

அப்ப காச்சலுக்குக் காரணம் நம்ம ஆளேதானா. நல்லா இருக்கு கதை.

ஆயில்லென்ஸ் | 30 ஜூலை, இரவு 8:20

ஒரு பழைய கதை. இதைச் சொல்லாம மேற்கொண்டு எழுத மனசு வரல.

2003 இல்லாட்டி 2004. சனிக்கிழமை பொழுதோட. ராய்ப்பூர் பக்கமிருந்து வந்த பையன், 30 வயசுக்குள்ள, ரிக் ஹெல்பர். அஞ்சு நாள் காச்சல். நான் ஊட்டுக்குக் கெளம்பற அவசரம். கெட்டித் தடவலை விட்டுட்டு மெல்லிசுத் தடவலை மட்டும் ஆயில் லென்ஸ்ல ஒரு ஓட்டு ஓட்டுனேன். மோதிரம் (சிவப்பணுவுக்குள்ள வளையமாத் தெரியற கிருமி) ஒண்ணும் கண்ணுல படல. "இல்ல"ன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

திங்கக்கெழம காலையில காரோட பின்சீட்டுல படுக்க வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. கண்ணு மஞ்சள். புது ஸ்லைடுல எண்ண முடியாத அளவுக்கு மோதிரம், ஒரே சிவப்பணுவுக்குள்ள ரெண்டு மூணு. ஃபால்சிபாரம், மலேரியாக் கிருமியில கடுமையான வகை. அப்ப சனிக்கிழமை ஸ்லைடைத் தேடி எடுத்து மருக்கா பார்த்தேன். நான் ஓட்டுன அதே எடத்துல ஒரு மோனோசைட்டு, வெள்ளையணுவுல ஒரு வகை. பெருசு, அவரை வெதை மாதிரி மடிஞ்ச நியூக்ளியசு. அதோட வெளுத்த ஓரத்துல பழுப்பும் கறுப்புமா மூணு நாலு மணி, காப்பித்தூள் ஒட்டுன மாதிரி. சனிக்கிழமையும் அதைப் பார்த்தேன். சாயக் கசடுன்னு நெனைச்சு நவுத்திட்டேன்.

அது கசடு இல்ல. ஹீமோசோயின். கிருமி நம்ம ஹீமோகுளோபினைத் தின்னுட்டு விட்ட எச்சம். அந்த வெள்ளையணு ஏற்கனவே கிருமியைத் தின்னு வாயைத் தொடைக்காம நின்னிருக்கு. "இங்க சண்டை நடக்குது"ன்னு எனக்குக் காட்டுன சாட்சி. நான்தான் பார்க்கல.

பையன் பொழைச்சுட்டான். அதுக்கப்பறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் வெள்ளையணுவுக்குள்ள எட்டிப் பார்க்காம ஒரு ஸ்லைடைக்கூட நான் மூடுனதில்ல.

ஆயில்லென்ஸ் | 30 ஜூலை, இரவு 8:45

கெட்டித் தடவல்னா என்னன்னு கேட்டிருந்தாங்க. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில கெட்டியாத் தேச்சு, காய வெச்சு, சாயத்துல போடறப்ப சிவப்பணு எல்லாம் கரைஞ்சு போயிரும். மிச்சம் தெரியறது வெள்ளையணுவும் கிருமியும். அதனால வெள்ளையணுதான் எங்களுக்குப் படி, மரக்கா எல்லாம். 200 வெள்ளையணு எண்ணறதுக்குள்ள எத்தனை கிருமி தட்டுச்சோ அதை 200-ஆல வகுத்து 8,000-ஆல பெருக்கணும். ஒரு மைக்ரோ லிட்டருக்கு இத்தனை கிருமி. 8,000ங்கறது எல்லாருக்கும் சராசரியா வெச்சுக்கற வெள்ளையணுக் கணக்கு.

பவானிக்காரி | 2 ஆகஸ்ட், பகல் 12:30

எங்க அக்கா ஒடிசாவுல ரூர்கேலாகிட்ட இருக்காங்க, ஆறு மாசம் கர்ப்பம். புள்ளை பொறந்தா அங்க மலேரியா வந்துருமோன்னு அம்மாவுக்கு வெசனம். அக்காவுக்கு ஏற்கனவே ரெண்டு தடவை வந்திருக்கு, அதனால புள்ளைக்கு வராதுங்கறாங்க. நெசமாண்ணா?

ஆயில்லென்ஸ் | 3 ஆகஸ்ட், மாலை 4:10

இன்னிக்கு ஆடிப் பதினெட்டு. நீங்கெல்லாம் கூடுதுறையில இருப்பீங்க, ராத்திரி படிங்க.

அம்மா ரத்தத்துல இருக்கற ஐஜிஜி ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாப் புள்ளைக்குப் போகும். மலேரியா எச்சா இருக்கற ஊர்ல பொறக்கற கொழந்தைங்க மொத சில மாசம் கடுமையான மலேரியாவுல இருந்து ஓரளவு தப்பிக்கறதுக்கு அது ஒரு காரணம். கருவுல இருக்கறப்ப இருந்த ஹீமோகுளோபின் கொஞ்ச நாள் தங்கறது இன்னொரு காரணம். அப்பறம் அம்மாவோட ஆன்டிபாடி கரைஞ்சிரும், புள்ளை தானா உண்டாக்கணும். ஆனா அதெல்லாம் சின்ன வயசுல இருந்து வருசம் பூரா கடி வாங்கி வளர்ந்த அம்மாங்களுக்கு. ரெண்டு தடவை வந்ததை வெச்சுக் கணக்குப் போட முடியாது.

வெசனப்பட வேண்டியது புள்ளையைவிட அக்காவை நெனைச்சு. நல்லாப் பழகுன உடம்புகூட மொத கர்ப்பத்துல ஏமாந்துரும். ஃபால்சிபாரம் பூந்த சிவப்பணு தன் மேல்தோலுல ஒரு பசையை மாட்டிக்கிட்டு ரத்தக்குழாய்ச் சுவத்துல ஒட்டிக்கும், மண்ணீரலுக்குப் போகாம தப்பிக்கறதுக்கு. கர்ப்பத்துல நஞ்சுக்கொடின்னு புது எடம் கெடைக்குது. அங்க ஒட்டறதுக்குத் தனிப் பசை. அதுக்கு ஆன்டிபாடி அதுவரைக்கும் உடம்புல இருந்திருக்காது. ரெண்டாவது மூணாவது பிரசவத்துல வந்துரும். மொத கர்ப்பத்துல காச்சல் இல்லாமலே ரத்தம் கொறையும், புள்ளை எடை கொறையும். அக்காவைக் கொசுவலையில படுக்கச் சொல்லுங்க, லேசா உடம்பு சுட்டாலும் அன்னிக்கே ஸ்லைடு.

ஆயில்லென்ஸ் | 4 ஆகஸ்ட், காலை 6:15

மாமா விசயம். "பழகுது"ங்கறதுக்கு ஆதாரம் இருக்கு. 1961-ல ஆப்பிரிக்காவுல காம்பியா நாட்டுல சிட்னி கோஹன், இயன் மெக்ரெகர், கூட வேலை செஞ்சவங்க ஒரு காரியம் பண்ணுனாங்க. அந்த ஊர்ப் பெரியவங்க ரத்தத்துல இருந்து ஆன்டிபாடியை மட்டும் பிரிச்சு, மலேரியாவுல கெடந்த கொழந்தைங்களுக்கு ஊசி போட்டாங்க. சில நாள்ல கிருமி எண்ணிக்கை மளமளன்னு எறங்குச்சு. மலேரியாவே பார்க்காத இங்கிலாந்துக்காரங்க ரத்தத்துல எடுத்ததைப் போட்டுப் பார்த்தப்ப ஒண்ணும் நடக்கல. ஆக, கடி வாங்கி வாங்கி ரத்தத்துல ஒண்ணு சேர்றது நெசம்.

ஆனா எப்படிப்பட்ட பழக்கம்? அம்மை மாதிரி ஒருக்கா வந்தா ஆயுசுக்கும் இல்லைங்கற பழக்கம் கிடையாது. மேல சொன்ன பசை இருக்கே, ஃபால்சிபாரத்துக்கிட்ட அதுக்கு 60 போல மரபணு இருக்கு. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் போட்டுக்கும். ஆன்டிபாடி அதை அடையாளம் புடிக்கறதுக்குள்ள அங்கராக்கை மாத்திக்கும். ஊருக்கு ஊரு வேற வேற வகை. எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பார்த்துப் பழக வருசக்கணக்காகும். அந்தப் பழக்கமும் தொடர்ந்து கடி வாங்குனாத்தான் நிக்கும். ஊருக்கு வந்து உக்காந்தா மெல்லத் தேஞ்சுபோகும்.

பழக்கம் மொதல்ல கொறைக்கறது காச்சலை. அப்பறம் கிருமியோட எண்ணிக்கையை. மொத்தமாத் தொடச்சு எடுக்கறது ரொம்ப அபூர்வம். மாமாவுக்குக் காச்சல் வர்றதில்லைங்கறதை நம்பறேன். கிருமி இல்லைங்கறதை நம்ப மாட்டேன், பார்த்தாத்தான்.

ரிக்கூட்டுப்பையன் | 4 ஆகஸ்ட், காலை 9:00

படிச்சுக் காட்டுனேங்கண்ணா. "அப்ப பழகுதுன்னு அவரே சொல்லிட்டாரில்ல"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

ஆயில்லென்ஸ் | 11 ஆகஸ்ட், இரவு 9:30

ரெண்டு திருத்தம்.

ஒண்ணு: 29-ம் தேதி "ஆன்டிபாடி ஒட்டுனதும் கிருமி செத்துப்போகும்"னு எழுதிட்டேன். அவ்வளவு லேசில்ல. 1990 வாக்குல பிரான்ஸ்ல பியர் துருயில் குழு, பழகுனவங்களோட ஆன்டிபாடியை மட்டும் கிருமியோட சோதனைக் குழாய்ல போட்டா பெருசா ஒண்ணும் ஆகறதில்லைன்னு காட்டுனாங்க. கூடவே மோனோசைட்டைப் போட்டாத்தான் கிருமி அடங்குது. ஆன்டிபாடியோட ஒரு முனை கிருமியில, மறுமுனை வெள்ளையணுவுல. அது கோத்துவிட்டு உசுப்பேத்தறப்ப மோனோசைட்டு விடற பொருள் கிருமியை வளரவிடாம அமுக்குது. வாய்க்கா வரப்புல ரெண்டு பேரு மொறைச்சுக்கிட்டு நின்னா மூணாவது ஆளு வந்து ஏத்திவிடுவான் பாருங்க, அந்த வேலைதான் ஆன்டிபாடிக்கு. பூர விடாம நேராத் தடுக்கற ஆன்டிபாடியும் உண்டுதான். ஆனா அது தனியா நின்னு ஜெயிக்கறதா நான் எழுதுனது தப்பு. எனக்கு அந்தக் காப்பித்தூள் மோனோசைட்டு மருக்கா ஞாபகத்துக்கு வந்துச்சு.

ரெண்டு: "ஊருக்கு ஊரு வேற வகை"ன்னு அடிச்சுச் சொன்னேன். 1991-ல மேற்கு ஆப்பிரிக்கக்காரங்க ஆன்டிபாடியைத் தாய்லாந்து நோயாளிங்களுக்குப் போட்டப்ப அங்கயும் கிருமி எறங்குச்சு. அப்ப எல்லா ஊர்க் கிருமிக்கும் பொதுவான சில எடங்களையும் ஆன்டிபாடி புடிக்குதுன்னு அர்த்தம். ஆனா அது நூத்துக்கணக்கான ஆளுங்க ரத்தத்தை ஒண்ணாக் கலந்து எடுத்தது. மாமா ஒரே ஆளு.

தறிக்காரன் | 12 ஆகஸ்ட், காலை 7:40

தடுப்பூசி வந்திருச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே. வண்டிக்குப் போறவங்களுக்குப் போட்டுவிட்டா வேலை முடிஞ்சுதில்ல?

ஆயில்லென்ஸ் | 12 ஆகஸ்ட், இரவு 8:00

ரெண்டு இருக்கு. ஆர்டிஎஸ்,எஸ்-ஐ உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர்ல பரிந்துரை பண்ணுச்சு, ஆர்21-ஐ 2023 அக்டோபர்ல. ரெண்டாவதைத் தயாரிக்கறது நம்ம புனே சீரம் இன்ஸ்டிடியூட். ரெண்டும் ஸ்போரோசோயிட் மேல்தோலுக்கு ஆன்டிபாடி உண்டாக்கறது, கல்லீரலுக்குப் போறதுக்கு முன்னயே மறிக்க. ஃபால்சிபாரத்துக்கு மட்டும்தான். போடறது ஆப்பிரிக்கக் கொழந்தைங்களுக்கு, நாலு டோஸ். 45 வயசு டிரில்லருக்கு இல்ல. வைவாக்ஸ்ங்கற இன்னொரு வகை மலேரியாக் கிருமிக்கு இது உதவாது.

ஆயில்லென்ஸ் | 20 ஆகஸ்ட், காலை 6:00

இன்னிக்குக் கொசு நாள். 1897 ஆகஸ்ட் 20-ல ரொனால்ட் ராஸ்ங்கற வெள்ளைக்கார டாக்டர் ஊட்டியில கொசு வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைப் பார்த்தாரு.

நமக்குப் பக்கத்து மலை. அடிவாரத்துல இருந்து சீகூர் பாதை ஏறறப்ப யாரும் நெனைக்கறதில்ல.

ஆயில்லென்ஸ் | 20 ஆகஸ்ட், காலை 6:25

தப்பு தப்பு. பார்த்தது செகந்திராபாத்துல. ஊட்டிக்கு அதுக்கு முன்ன லீவுல வந்தாரு, சீகூர் பக்கம் கொசுவும் கிருமியும் தேடி. வந்த எடத்துல அவருக்கே மலேரியா புடிச்சுக்கிச்சு, தினம் குயினைன் (மலேரியா மருந்து) சாப்பிட்டும். மலைமேல வாசத்தை மோந்ததும் கை தானா ஊட்டின்னு அடிச்சிருச்சு.

குயினைன்னதும் எங்க அப்புச்சி ஞாபகம். வால்பாறைக்கு மேல சின்கோனான்னே ஒரு ஊரு இருக்கு, குயினைன் எடுக்கற சின்கோனா மரம் வெச்சதால வந்த பேரு. நீலகிரியில நடுவட்டத்துலயும் தோட்டமும் ஃபேக்டரியும் இருந்துச்சு. அப்புச்சி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயி ஒரே மழைக்காலத்துல திரும்பி வந்தவரு. "காட்டுக்காச்சல் கட்டியோட வந்தேன்"ம்பாரு, இடது வெலாவைத் தடவிக்கிட்டே. அப்பறம் டிடிடி கொசு மருந்து அடிக்கற ஆளுங்க வந்து ஊட்டுச் சுவத்துல தேதி எழுதிட்டுப் போனதைச் சொல்லுவாரு. 1965 வாக்குல நாடு பூராவும் வருசத்துக்கு மலேரியா வந்தவங்க கணக்கு ஒரு லட்சத்துக்கு எறங்குனது 1976-ல 64 லட்சத்துக்கு மருக்கா ஏறிருச்சு. விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

பவானிக்காரி | 20 ஆகஸ்ட், காலை 10:15

நீலகிரின்னதும் கேக்கறேன், அங்க பழங்குடி மக்களுக்கு ரத்தத்துலயே மலேரியா தாங்கற சக்தி இருக்காமே?

ஆயில்லென்ஸ் | 21 ஆகஸ்ட், இரவு 9:10

அது வெள்ளையணு இல்ல, சிவப்பணு. அரிவாள் செல், அதாவது சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைய வெக்கற மரபணு. இந்தியாவுல மொத மொதல்ல அதை 1952-ல நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்டதான் லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க கண்டாங்க. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தா ஆளு நல்லா இருப்பாரு, ஃபால்சிபாரம் பூந்தாலும் கடுமையாகாது. கிருமி பூந்த சிவப்பணு சீக்கிரமா வளைஞ்சு, விழுங்கும் செல்லு கையில மாட்டிக்கும். அப்ப வெள்ளையணுவும் கொஞ்சம் உள்ள இருக்கு, இல்லைன்னு சொன்னது அவசரம். ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தா அது வேதனையான சீக்கு. "சக்தி"ன்னு சொல்றதுக்கு முன்ன அந்தப் புள்ளைங்க ராத்திரி கை கால் வலியில கத்தறதை ஒருக்கா பார்க்கணும்.

ரிக்கூட்டுப்பையன் | 8 செப்டம்பர், மாலை 5:30

மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடி கார்டு டெஸ்ட் எடுத்தாச்சு. ஒண்ணுமில்ல. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. ஆனா ஒரு வாரமா சாயங்காலமானா அசதியாம்.

ஆயில்லென்ஸ் | 8 செப்டம்பர், இரவு 7:15

நான்தான் "கார்டு போதும்"னு சொன்னேன், எம்மேல தப்பு. காச்சலோட வர்ற ஆளுக்குப் போதும். பழகுன ஆளுக்குப் போதாது. மைக்ரோ லிட்டருக்கு 100, 200 கிருமிக்குக் கீழ இருந்தா கார்டு கோடு காட்டாமப் போகலாம். பழக்கம் பண்ற வேலையே எண்ணிக்கையை அந்த அளவுக்குக் கீழ வெச்சிருக்கறதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்துல கெட்டித் தடவல் குடுக்கச் சொல்லு. அசதி இருக்கற சாயங்காலமே.

ஆயில்லென்ஸ் | 22 செப்டம்பர், இரவு 10:30

மாமா ஒத்துக்கிட்டதால எழுதறேன்.

ஸ்லைடு பார்க்கற பொண்ணு எங்கிட்ட வேலை கத்துக்கிட்டது. "அண்ணா, வந்து ஒரு கண்ணு பாருங்க"ன்னு கூப்புட்டுச்சு. 200 வெள்ளையணுவுல மூணே மூணு. கொறைவா இருந்தா 500 வரைக்கும் எண்ணணும். எண்ணுனோம், எட்டு. வழக்கமான 8,000 கணக்குல 128 வருது. ஆனா மாமாவோட வெள்ளையணு 4,100 ஆச்சே, மொதப் பதிவுலயே இருக்கு. அதைப் போட்டா 66 போலத்தான். கார்டு கோடு போடாததுல ஆச்சரியமில்ல. ஜூலையில நீ "கொறைவு"ன்னு வெசனப்பட்ட அந்த நம்பரு இதுக்குத்தான் ஒதவுச்சு தம்பி.

மெல்லிசுத் தடவல்ல சிவப்பணு உப்பி, உள்ள பொடிப்பொடியாச் சிவப்புப் புள்ளி. வைவாக்ஸ். ரெண்டு மோனோசைட்டுல காப்பித்தூளும் இருந்துச்சு. பொண்ணு எனக்கு முன்னயே அதைக் குறிச்சு வெச்சிருந்துச்சு.

வைவாக்ஸோட வில்லங்கம் என்னன்னா, ஒரு பகுதி கல்லீரல்லயே தூங்கும். மாசக்கணக்குல, சிலருக்கு வருசத்துக்கும் மேல. தூங்கற கிருமியை ஆன்டிபாடி தொடாது, வெள்ளையணுவும் கண்டுக்காது. ஜூன்ல ஊருக்கு வந்த ஆளுக்கு செப்டம்பர்ல முழிச்சிருக்கு. மூணு நாள் குளோரோகுயின், ரத்தத்துல இருக்கறதுக்கு. 14 நாள் பிரைமாகுயின், தூங்கறதுக்கு. அதுக்கு முன்ன ஜி6பிடி பார்த்தாகணும், அந்த நொதி கொறைவா இருக்கறவங்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுவை ஒடைச்சிரும். டாக்டர் பார்த்துட்டாரு, சரியா இருக்கு.

தறிக்காரன் | 23 செப்டம்பர், காலை 8:00

காச்சலே இல்லாத ஆளுக்கு எதுக்குங்க 14 நாள் மாத்திரை? அவரு பாட்டுக்கு நல்லாத்தானே இருக்காரு.

ஆயில்லென்ஸ் | 23 செப்டம்பர், இரவு 9:00

அவரு நல்லா இருக்காரு. அவரு ஊட்டு மாடியில சிண்டெக்ஸ் தொட்டி மூடி ஒடைஞ்சு கெடக்குதாம், பையன் சொன்னான். அனாபிலஸ் ஸ்டீபென்சைங்கற மலேரியாக் கொசுவுக்கு அது அரமணை. நல்ல தண்ணியில முட்டை வெக்கற ஜாதி, கெணறு, தொட்டி எதுவும் விடாது. பொழுது சாஞ்சப்பறம் கடிக்கும். மாமாவைக் கடிச்சா கொசு சாகாது, கிருமியை வாங்கிக்கிட்டு பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு பக்கத்து ஊட்டுப் புள்ளையைக் கடிக்கும். அந்தப் புள்ளைக்கு 22 வருசப் பழக்கம் இல்ல.

இதே ஸ்டீபென்சை 2012-ல ஆப்பிரிக்காவுல ஜிபூட்டியில போயி எறங்கிருச்சு. அப்பறம் எத்தியோப்பியா. நம்மூரு ரிக் வண்டி மாதிரியே போற எடமெல்லாம் பொழைச்சுக்குது.

ரிக்கூட்டுப்பையன் | 28 செப்டம்பர், இரவு 8:10

ஆறாவது நாள். நான் காலண்டர்ல டிக் போடறேன். அவரு அசதி போயிருச்சு, இனி எதுக்குங்கறாரு. நிலவேம்பு மட்டும் குடிச்சுக்கறேங்கறாரு.

ஆயில்லென்ஸ் | 28 செப்டம்பர், இரவு 8:25

நிலவேம்பு குடிக்கட்டும், யாரும் வேண்டாங்கல. மாத்திரையையும் போட்டுட்டு குடிக்கட்டும். நிறுத்துனா பொங்கலுக்கு மருக்கா நடுங்குவாரு, அப்ப வண்டி பஸ்தர் காட்டுக்குள்ள நிக்கும்.

தொட்டி மூடி?

ரிக்கூட்டுப்பையன் | 6 அக்டோபர், காலை 7:30

பதினாலும் முடிஞ்சுது. மூடிக்கு 350 ரூபா ஆச்சு. மாமா குடுக்கல, நான் குடுத்தேன்.

பவானிக்காரி | 22 அக்டோபர், மாலை 3:45

அக்காவுக்கு ஸ்லைடு பார்த்தாங்க, ஒண்ணுமில்ல. வலை கட்டிக்கிட்டு தூங்கறாங்க. அம்மா ஒங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க.

ரிக்கூட்டுப்பையன் | 3 நவம்பர், இரவு 9:50

தீபாவளி முடிஞ்சு நாளைக்கு வண்டி கெளம்புது, ராய்ப்பூர். போன மாசக் கடைசியில குடுத்த ஸ்லைடுல ஒண்ணுமில்ல. கொசுவலையை மடிச்சு கேபினுக்கு மேல கட்டியிருக்காரு. ஹெல்பர் பசங்ககிட்ட "எனக்கெல்லாம் பழகிருச்சுடா, இது உங்களுக்கு"ன்னு சொல்லிட்டிருக்காரு.

ஆயில்லென்ஸ் | 3 நவம்பர், இரவு 10:10

எத்தனை வலை? வண்டியில ஏழு பேராச்சு. அவருக்கும் சேர்த்து எண்ணு.

போன எடத்துல யாருக்காச்சும் காச்சல் வந்தா அங்கயே ஸ்லைடு குடுக்கச் சொல்லு. ஊருக்கு வந்து பார்த்துக்கலாம்னு மூணு நாள் லாரியில உக்காந்து வர வேண்டாம்.